ஏப்ரலில் விருந்தாளி, செப்டம்பரில் நோயாளி!

தஞ்சாவூர்:

1968 ஏப்ரலில் முதல்–அமைச்சர் அண்ணா அமெரிக்கா போனார். யேல் பல்கலைக்கழகம் கவுரவ விருந்தினராக அழைத்திருந்தது. எங்கும் வரவேற்பு, மரியாதை!

அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் விமானம் ஏறினார். இந்த முறை ஆபரேஷனுக்கு!

உணவுக்குழாயில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நாடே திடுக்கிட்டது. நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கையில் இருந்த புத்தகத்தைப் படித்து முடிக்க ஒருநாள் அவகாசம் கேட்டார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

நவம்பரில் ஊர் திரும்பினார். நோய் விடவில்லை. 1969 பிப்ரவரி 3–ந் தேதி காலமானார். வயது 59தான்.

அண்ணாவுக்குப் புகையிலை போடும் பழக்கம் உண்டு. கும்பகோணம் வெற்றிலை மணக்கிற நம்ம ஜில்லாவில் அந்தப் பழக்கம் எத்தனை பேருக்கு!

சோறு இறங்காமல் நெஞ்சில் அடைக்கிறதா? 'வாயுதான்' என்று சோடா குடித்து நாளைக் கடத்தாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடுவார்கள். சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

சீக்கிரம் தெரிந்தால் பிழைக்க வழி உண்டு. கத்திக்குப் பயந்து தள்ளிப்போட்டால், நோய் காத்திருக்காது!