பத்து பலூன், ஒரு சாயங்காலம்



சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தாச்சு. மேட்டூர் தண்ணி வந்து குறுவை வேலை தொடங்குகிற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கு. பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் லீவு. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? "அம்மா, டேட்டா தீர்ந்துடுச்சு, ரீசார்ஜ் பண்ணு" என்று பெரியவன் நச்சரிக்கிறான். சின்னவள் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை.

ரீசார்ஜ் காசில் ஒரு சிறு பங்கு போதும், ஒரு பாக்கெட் பலூன் வாங்கிவிடலாம். அதை வைத்து வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னென்ன செய்யலாம், எதில் கவனம் வேண்டும் என்று பார்ப்போம்.

விளையாட்டுகள்

தரையில் விடாதே: ஒரு பலூனை மேலே தட்டிவிட்டு, கீழே விழாமல் எல்லோரும் மாறி மாறித் தட்ட வேண்டும். பலூன் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற அப்பாயியும் ஆடலாம். அடி படாது, ஓட்டும் உடையாது.

முதுகோடு முதுகு: இரண்டு இரண்டு பேராக முதுகுக்கு நடுவில் பலூனை வைத்துக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை போய்த் திரும்ப வேண்டும். கையால் தொடக்கூடாது. அப்பாவும் மகளும் ஒரு ஜோடி, மாமியாரும் மருமகளும் ஒரு ஜோடி என்று விட்டுப் பாருங்கள். சிரித்தே வயிறு வலிக்கும்.

பதர் பிடிக்கும் பலூன்: ஊதிய பலூனை எண்ணெய் தடவாத காய்ந்த தலைமுடியில் இருபது தடவை தேயுங்கள். பிறகு காய்ந்த நெல் பதர் பக்கத்தில் கொண்டுபோங்கள். பதர் துள்ளி வந்து ஒட்டும். தேய்க்கும்போது பலூனில் சேர்கிற மின்சாரம்தான் இழுக்கிறது. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் இருப்பதால் இது சரியாக வராது. கோடைதான் ஏற்ற காலம்.

பலூன் ராக்கெட்: பப்பாளி இலைத் தண்டு உள்ளே குழலாக இருக்கும். அதில் ஒரு சாண் வெட்டி, பால் போகக் கழுவிக் காயவையுங்கள். (பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. நமக்கு அது தேவையும் இல்லை.) தண்டுக்குள் நீளமான நூலைக் கோத்து, இரண்டு தூணுக்கு நடுவில் விறைப்பாகக் கட்டுங்கள். பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விரலால் பிடித்துக்கொண்டு, தண்டோடு டேப் போட்டு ஒட்டி விட்டுவிடுங்கள். சர்ரென்று ஓடும். காற்று பின்னால் பாய்கிறது, பலூன் முன்னால் போகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதும் இதே விதிப்படிதான்.

கைவேலை: வீட்டிலேயே தலையாட்டி பொம்மை

நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு 2008-09ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனை தடவை தள்ளினாலும் அது எழுந்து நிற்கும். காரணம், அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருக்கும், மேல்பாகம் லேசாக இருக்கும். அதே முறையில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்று செய்யலாம்.

1. பலூனைச் சின்னத் தேங்காய் அளவுக்கு ஊதிக் கட்டுங்கள். முடிச்சுப் பக்கம் பொம்மையின் தலை, அகன்ற பக்கம் அடி.

2. மைதா மாவில் பசை காய்ச்சி ஆறவிடுங்கள். பழைய செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, பசையில் நனைத்து, முடிச்சை மட்டும் விட்டுச் சுற்றிலும் ஒட்டுங்கள். நிழலில் காயவிட்டு அடுத்த அடுக்கு. மொத்தம் ஐந்து அடுக்கு வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

3. நன்றாகக் காய்ந்ததும் ஊசியால் குத்தி, பலூனை முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள். மேல் ஓட்டையை எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதாக்குங்கள்.

4. களிமண்ணைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு கைப்பிடி உள்ளே போட்டு, குச்சியால் அடியில் நடுவாக அழுத்துங்கள். கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். காய்ந்து கழன்றால் பசை ஊற்றி ஒட்டலாம்.

5. தள்ளிப் பாருங்கள். சாய்ந்தே கிடந்தால் மண் போதவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள். எழுந்து நின்றால் ஓட்டையைக் காகிதத்தால் மூடி, வண்ணம் பூசி, கண், மூக்கு வரையுங்கள்.

கண்டிப்பாகப் படியுங்கள்

எங்கள் குழுவில் ஒரு பிறந்தநாள் அன்று நடந்தது. வெடித்த பலூன் துண்டை ஒன்றரை வயதுப் பிள்ளை எடுத்து வாயில் போட்டுவிட்டான். யாரும் பார்க்கவில்லை. அப்பாயிதான், "என்னடி, பிள்ளை மெல்லுறான்?" என்று கேட்டார். சரியான நேரத்தில் எடுத்துவிட்டோம். அன்றைக்கு எல்லோருக்கும் கை நடுங்கியது.

ரப்பர் மெல்லியது, வளைந்து கொடுப்பது. தொண்டையில் போனால் மூடி போட்டது மாதிரி மூச்சுவழியை அடைத்துவிடும். அமெரிக்காவில் 1994ல் வந்த சட்டப்படி, 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பலூன் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். ஊதாத பலூனிலும் வெடித்த துண்டிலும்தான் ஆபத்து அதிகம். அதனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களே ஊதிக் கொடுங்கள். பலூனை வாயால் கடிக்கவும் உறிஞ்சவும் விடாதீர்கள்.

தொண்டையில் அடைத்துவிட்டால்: பிள்ளை பலமாக இருமினால் இரும விடுங்கள். இருமவோ அழவோ முடியாவிட்டால் ஒருவர் உடனே 108க்குப் பேசட்டும். இன்னொருவர் பிள்ளையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி கையில் கவிழ்த்து முதுகில் 5 தட்டு, பிறகு திருப்பி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

சிலிண்டர் பக்கம் போக வேண்டாம்: 2022 அக்டோபரில் திருச்சியில் பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார், பலர் காயம் அடைந்தார்கள். கடைத்தெருவிலும் திருவிழாவிலும் அந்த வண்டியைச் சுற்றிப் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். மேலே சொன்ன எந்த விளையாட்டுக்கும் நம் மூச்சுக்காற்றே போதும்.

பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. நூலில் கட்டிக் கொடுங்கள். துண்டுகளை வாசலில் வீசினால் ஆடு மாடு தின்றுவிடும், அதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. விளையாட்டு முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். பத்து பலூன் எடுத்தால், முழுசோ துண்டோ, பத்தும் கணக்கில் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்த பிறகுதான் படுக்க வேண்டும். வாரா வாரம் சேமிப்புக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற நமக்கு இது ஒரு பெரிய வேலையா?