சிறிய உயர்நிலைப் பாடசாலையில் உதைபந்தாட்ட அணி: தொடங்குவதும் நிலைக்கச் செய்வதும்

ரொறன்ரோவில் மாணவர் தொகை குறைந்த உயர்நிலைப் பாடசாலைகள் சில உள்ளன. கூடைப்பந்து, கரப்பந்து அணிகள் இருந்தும் உதைபந்தாட்ட அணி இல்லாத பாடசாலையும் அவற்றுள் இருக்கக்கூடும். 2026 உலகக் கிண்ணப் போட்டிகளை நடத்தும் நகரங்களுள் ரொறன்ரோவும் ஒன்றாக அமைந்ததால், பிள்ளைகளிடம் இவ்விளையாட்டின் மீதான ஆர்வம் கூடியிருப்பது இயல்பே. எனினும் ஆர்வம் மட்டும் ஓர் அணியை உருவாக்கிவிடாது. புதிய அணியொன்றை எவ்வாறு தொடங்கலாம், அதில் பெற்றோரின் பங்கு யாது, எவற்றில் கவனம் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. உயர்நிலைப் பாடசாலைகள் மாநகரசபையின் நிருவாகத்தில் இல்லை. அவை கல்விச்சபைகளின் பொறுப்பில் உள்ளன. பூங்காக்களிலுள்ள பொது மைதானங்களே மாநகரசபைக்கு உரியவை. ஆகவே அணி தொடங்கும் கோரிக்கையைப் பாடசாலை அதிபரிடமே முன்வைக்க வேண்டும். மாநகரசபை அலுவலகத்துக்கோ நகரசபை உறுப்பினருக்கோ எழுதிக் காத்திருப்பதால் காலம் மட்டுமே வீணாகும்.

ஆசிரியர் ஒருவர் வேண்டும்

இலங்கையில் கல்வி கற்ற பெற்றோர் பலர், விளையாட்டுப் பயிற்சியளிப்பது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று எனக் கருதுவதுண்டு. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முழுப் பாடசாலையுமே ஆயத்தமாகிய நினைவு அவர்களுக்கு உண்டு. ஒன்ராறியோவில் நிலைமை வேறு. வகுப்பு நேரத்துக்கு அப்பாற்பட்ட செயற்பாடுகளை இங்கு ஆசிரியர்கள் தன்னார்வமாகவே மேற்கொள்கின்றனர். அதற்கென அவர்களுக்கு மேலதிக ஊதியம் கிடைப்பதில்லை. 2012-13 கல்வியாண்டில் ஆசிரியர் சங்கங்களுக்கும் மாகாண அரசுக்கும் இடையே ஏற்பட்ட பிணக்கின்போது இச்செயற்பாடுகள் பல பாடசாலைகளில் நின்றுபோனதைப் பலர் நினைவில் வைத்திருப்பர்.

எனவே புதிய அணிக்கு முதலில் தேவைப்படுவது பந்தோ சீருடையோ அன்று; மேற்பார்வை செய்ய இசையும் ஓர் ஆசிரியரே. அவர் உதைபந்தாட்டத்தில் வல்லவராய் இருக்கவேண்டுமென்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஒருவர், அதிபரின் ஒப்புதலுடனும் காவல்துறைப் பின்னணிச் சரிபார்ப்புடனும், தொண்டர் பயிற்றுநராகப் பணியாற்றலாம். ஆனால் மாணவரின் பாதுகாப்புக்கும் பாடசாலைக்குமான பொறுப்பு அவ்வாசிரியரையே சாரும்.

தமிழ்ச் சமூகத்தில் இத்தகைய பயிற்றுநர்களுக்குக் குறைவில்லை. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடைகாலங்களில் நடத்தும் சுற்றுப்போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கு பல ஆண்டுகள் ஆடி ஓய்ந்தவர்களுள் வாரம் இருமுறை மாலையில் இரண்டு மணிநேரம் ஒதுக்கக்கூடியவர் ஒருவரேனும் இருப்பார். பின்னணிச் சரிபார்ப்பு முடிவடைவதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், அதற்கான விண்ணப்பத்தை முற்கூட்டியே செய்வது நன்று. வளர்ந்தோர் சுற்றுப்போட்டியில் கையாளும் கடுஞ்சொற்கள் பாடசாலை மைதானத்துக்கு ஒவ்வாதவை என்பதையும் அவருக்கு முன்னரே நயமாக உணர்த்திவிடல் வேண்டும்.

எண்ணிக்கை என்னும் இடர்ப்பாடு

உதைபந்தாட்ட விதிகளின்படி ஓர் அணியில் 11 பேர் ஆடுவர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ இயலாது. பெரிய பாடசாலைகளில் 60 பேர் தெரிவுக்கு வருவர். அவர்களுள் 18 பேரைப் பயிற்றுநர் தேர்ந்தெடுப்பார். சிறிய பாடசாலையில் நிலைமை நேர்மாறானது. அங்கு வருபவர் அனைவரையும் சேர்த்தாலும் அணி நிரம்புமா என்பதே கேள்வி.

எடுத்துக்காட்டாக, 15 மாணவர் பெயர் கொடுத்ததாகக் கொள்வோம். அவர்களுள் இருவர் மாலையில் பகுதிநேர வேலைக்குச் செல்பவர்கள். ஒருவர் தம்பி தங்கையரைப் பாடசாலையிலிருந்து அழைத்து வருபவர். இருவர் வெளிக்கழகமொன்றில் ஆடுபவர்கள். கழகப் பருவம் தொடங்கியதும் அவர்களுக்கு அங்கேயும் பயிற்சி இருக்கும். ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு. இவ்வாறு கழித்துவருகையில் போட்டி நாளன்று மாற்று ஆட்டக்காரர் எவருமின்றி ஒன்பது பேர் மைதானத்தில் நிற்பர். ஆட்டத்திற்கு வர இயலாமற்போய் இரண்டு மூன்று போட்டிகளைக் கைவிடும் அணியை மறு ஆண்டு மீண்டும் பதிவு செய்வதற்கு எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார். புதிய அணிகள் தோல்விகளால் கலைவதைவிட இக்காரணத்தால் கலைவதே அதிகம் எனலாம்.

பகுதிநேர வேலையும் வீட்டுப் பொறுப்பும் பல குடும்பங்களுக்குத் தவிர்க்கமுடியாதவை. எனினும் பெயர் கொடுக்குமுன் பிள்ளையும் பெற்றோரும் அமர்ந்து, எந்தெந்த நாள்களில் உண்மையாகவே வரமுடியும் என்று பேசி ஆசிரியரிடம் கூறிவிடுவது பேருதவியாகும். வாரத்தில் ஒருநாள் மட்டுமே வரக்கூடிய மாணவரையும் வைத்துத் திட்டமிடலாம். வருவதாகக் கூறிவிட்டு வராதவரை வைத்துத் திட்டமிட இயலாது.

இவ்விடர்ப்பாட்டைக் கருதும்போது, முதல் ஆண்டிலேயே போட்டித் தொடரிற் சேர்வதைவிட, ஒரு கழகமாகத் தொடங்குவதே சிறந்தது. குளிர்காலத்தில் பாடசாலையின் உள்ளரங்கில் புட்சால் ஆடலாம். 1930 இல் உருகுவேயின் தலைநகர் மொன்ரெவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர் உருவாக்கிய இவ்வாட்டத்துக்கு ஓர் அணிக்கு ஐவர் போதும். அதிகம் துள்ளாத சிறிய பந்து பயன்படும். பத்துப் பேர் வந்தால் ஆட்டம் நடக்கும். பனி மூடிய மாதங்கள் வீணாகா. மார்ச் மாதமளவில், தொடர்ந்து வருபவர் எத்தனை பேர் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அதன் பின்னர் தொடரிற் பதிவு செய்வதா, அயற்பாடசாலைகளுடன் சில நட்பு ஆட்டங்கள் மட்டும் ஆடுவதா என்று முடிவு செய்யலாம்.

தொடரிற் சேரும் அணிகளைப் பிராந்தியப் பாடசாலை விளையாட்டுச் சங்கங்கள் ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றுக்கு மேல் ஓஃப்ஸா எனப்படும் மாகாணக் கூட்டமைப்பு உள்ளது. மாகாண உதைபந்தாட்ட இறுதிச்சுற்றுகள் ஜூன் மாதத் தொடக்கத்தில் நடைபெறும். மாணவர் தொகைக்கேற்பப் பாடசாலைகளை வெவ்வேறு பிரிவுகளாக வகுத்திருப்பதால் சிறிய பாடசாலை தன்னையொத்த பாடசாலைகளுடனேயே மாகாண மட்டத்தில் மோதும். வேறு பாடசாலையிலிருந்து மாறிவந்த மாணவருக்குத் தகுதி விதிகள் உள்ளன. அவரை அணியிற் சேர்க்குமுன் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டறிதல் அவசியம்.

பெண் பிள்ளைகள்

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அணி அமைக்கும் வசதி சிறிய பாடசாலைக்கு முதல் ஆண்டில் இருப்பதில்லை. அதனால் பெண் பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டியதில்லை. தமக்கென அணி இல்லாத விளையாட்டில் அவர்கள் ஆண்கள் அணிக்கு ஆட முயலலாம். இவ்வுரிமைக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. ஜஸ்ரின் பிளெய்னி என்னும் சிறுமிக்கு ஆண்கள் ஹொக்கி அணியில் ஆட அனுமதி மறுக்கப்பட்டபோது, அதற்கு இடமளித்த சட்டப்பிரிவு கனடிய உரிமைகள் சாசனத்துக்கு முரணானது என 1986 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளிர்கால உள்ளரங்கக் கழகத்தில் இருபாலாரும் சேர்ந்தே பயிலலாம். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியதும் தனி அணி அமைக்கலாம்.

இங்கு அணிகலன் பற்றி ஒரு சொல். உதைபந்தாட்ட விதிகள் எவ்வித அணிகலனையும் அனுமதிப்பதில்லை. தோடு, மூக்குத்தி, சங்கிலி, மோதிரம், காப்பு யாவும் கழற்றப்பட வேண்டும். ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு ஆடவும் முடியாது. கோயிலிற் கட்டிய கைநூலையும் நடுவர் அகற்றச் சொல்லக்கூடும். புதிதாக மூக்குக் குத்துவதாயின், அதைப் போட்டிப் பருவம் முடிந்தபின் கோடை விடுமுறையில் செய்துகொள்வது பிள்ளைக்கு வசதி.

மைதானமும் கோல் கம்பமும்

பாடசாலைக்கு முழு அளவிலான மைதானம் இல்லாவிடில் அருகிலுள்ள மாநகரசபை மைதானத்தைப் பாடசாலை அனுமதிப்பத்திரம் பெற்றுப் பயன்படுத்தலாம். வசந்தகாலத்தில் அவற்றுக்குப் போட்டி அதிகம். ஆகையால் குளிர்காலத்திலேயே விசாரித்தல் நல்லது. நிலம் உலரும்வரை புல்மைதானங்கள் மூடப்பட்டிருக்கும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

கோல் கம்பங்கள் குறித்து ஒவ்வொரு பெற்றோரும் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. 2017 இல் ஒன்ராறியோவின் நபனி நகரில், நகர்த்தக்கூடிய கோல் கம்பம் ஒன்று சாய்ந்து விழுந்ததில் 15 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அவன் பெயரால் அமைந்த கரெட் மரபுச் சட்டத்தை மாகாண சட்டமன்றம் 2024 இல் நிறைவேற்றியது. நகர்த்தக்கூடிய கம்பங்கள் உரிய முறையில் நிலைப்படுத்தப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். முழு அளவுக் கம்பம் 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் கொண்டது. அதன் குறுக்குத்தண்டில் ஒருவர் தொங்கினாலே அது முன்புறமாகச் சரியக்கூடும். பயிற்சிக்கு முன்னர் கம்பம் நிலத்துடன் இறுக்கப்பட்டுள்ளதா, அல்லது பின்புறச் சட்டத்தில் பாரப்பைகள் உள்ளனவா என்பதைப் பார்க்க அரை நிமிடம் போதும். கம்பத்தில் தொங்கக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிவைத்தல் வேண்டும்.

தலையில் அடிபட்டால்

2013 இல் ஒற்றாவாவில் றோவன் என்னும் 17 வயது மாணவி, சில நாள் இடைவெளியில் றக்பி ஆட்டங்களில் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டதால் இறந்தார். அதன் விளைவாக 2018 இல் றோவன் சட்டம் நிறைவேறியது. மூளை அதிர்ச்சி பற்றிய தகவல் ஏட்டை மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் படித்து உறுதிப்படுத்திய பின்னரே மாணவர் அணியிற் சேரமுடியும். அப்படிவத்தைப் படிக்காமல் ஒப்பமிடுவது பலரின் வழக்கம். இதில் அவ்வழக்கத்தைத் தவிர்ப்பது நன்று. அதே தகவலைத் தமிழில் விளக்கித் தருமாறு பாடசாலையிடம் கேட்கலாம்.

மூளை அதிர்ச்சி ஏற்பட மயங்கி விழவேண்டியதில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சம் கூசுதல், கேட்ட கேள்விக்குத் தாமதமாக விடையளித்தல் என்பன அடிபட்ட உடனேயோ சில மணிநேரத்தின் பின்னரோ தோன்றலாம். ஐயம் எழுந்தாலே அன்றைய ஆட்டத்திலிருந்து மாணவர் விலகவேண்டும். ஆட்டத்துக்குத் திரும்புவது படிப்படியாகவே நிகழும். முழுமையான பயிற்சிக்கும் போட்டிக்கும் மருத்துவ அனுமதி தேவை. மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கடுங்கழுத்துவலி, நினைவிழப்பு ஆகியவற்றைக் கண்டால் 911 ஐ அழைக்க வேண்டும். அணியில் ஆள் குறைவு என்பதற்காகத் தலைவலியை மறைத்து ஆட முனையும் பிள்ளை சிறிய பாடசாலையில்தான் அதிகம் என்பதால், வீட்டில் இதுபற்றி வெளிப்படையாகப் பேசவேண்டும்.

பணமும் பயணமும்

பந்துகள், சீருடை, நடுவர் கட்டணம், பயணம் ஆகியவையே செலவுகள். மாணவர் தாமே வாங்கவேண்டியவை காலணியும் கீழ்க்காற் காப்பும், பின்னது கட்டாயமானது. செலவுகளுட் பயணமே பெரும்பாலும் மிகுதி. தனியே பேருந்து அமர்த்தாமல் ரி.ரி.சி.யில் செல்லும் அணிகளும் உண்டு. 13 முதல் 19 வயதினருக்குச் சலுகைக் கட்டணம் உள்ளது. முதல் ஆண்டில் புதிய சீருடைக்குப் பணம் திரட்டுவதில் சிலர் காட்டும் ஊக்கம், முதலுதவிப் பெட்டியிலும் போக்குவரத்திலும் காட்டப்பட்டால் அணிக்கு அதிக பயன் தரும். பாடசாலையின் பழைய மேற்சட்டைகளே முதற்பருவத்துக்குப் போதுமானவை.

கட்டணம் செலுத்த இயலாத மாணவர் ஒதுக்கப்படாதவாறும், அவரது நிலை பிறருக்குத் தெரியாதவாறும் பாடசாலைகள் நடந்துகொள்ளவேண்டும் என்பது மாகாண வழிகாட்டல். அதிபரிடமோ ஆசிரியரிடமோ தனியாகக் கூறினால் போதும். இதில் தயங்குவதற்கு எதுவுமில்லை.

நிதி திரட்டவும் கோரிக்கையை முன்வைக்கவும் ஏற்ற இடம் பாடசாலைப் பேரவை. ஒன்ராறியோ ஒழுங்குவிதியின்படி அது ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூடவேண்டும். அதன் உறுப்பினருட் பெரும்பான்மையோர் பெற்றோர். ஆங்கிலம் சரளமாகப் பேசமுடியாத பெற்றோர் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்கலாம். செப்ரெம்பர் அல்லது ஒக்ரோபர் கூட்டத்தில் பேசினால் குளிர்காலக் கழகத்துக்குக் காலம் இருக்கும். பெயர் கொடுத்த மாணவரின் பட்டியலும், தொண்டாற்ற முன்வந்த இரு பெரியவர்களின் பெயரும் கையிலிருந்தால் அதிபர் மறுப்பது அரிது. ஒருவர் அல்ல, இருவர்: ஒருவர் வேலை மாறினாலோ நோயுற்றாலோ அணி நின்றுவிடாமலிருக்க இது வழிசெய்யும். 9 ஆம், 10 ஆம் வகுப்பு மாணவர் சிலரையேனும் ஆட்டத்தில் இறக்குவதும் இதே காரணத்திற்காகவே. 12 ஆம் வகுப்பினரை மட்டும் கொண்டு வென்ற அணிக்கு மறு ஆண்டு ஆட எவரும் மிஞ்சமாட்டார்.

மாநகரசபை மைதான அனுமதி, சமூக நிலையங்களின் உதைபந்தாட்ட வகுப்புகள், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கான பொழுதுபோக்குக் கட்டணச் சலுகை ஆகியன பற்றி 311 என்னும் இலக்கத்தில் அறியலாம். தமிழில் உரையாட விரும்புவோர் அழைப்பை ஏற்பவரிடம் “தமிழ்” என்று கூறினால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.