வேஷம் கலைத்தவரின் மறுபிரவேசம்

1988-ஆம் வருஷத்தில், வார்னர் பிரதர்ஸ் கம்பெனியார் தயாரிக்கவிருந்த ‘பேட்மேன்’ படத்தில் அந்த வௌவால் மனிதனின் வேஷம் மைக்கேல் கீட்டனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி அமெரிக்காவில் பரவியவுடன், சித்திரக்கதை ரசிகர்கள் மனம் கொதித்து அனுப்பிய ஆட்சேபக் கடிதங்கள் சுமார் 50,000 இருக்கும் என்று சொல்வார்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த பிரதேசத்தில் 1951-இல் பிறந்து, அந்த ஊர்த் தொலைக்காட்சி நிலையத்தில் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றுக்குத் திரைமறைவு வேலைகள் செய்து, பிறகு ஹாலிவுட்டுக்குப் போய் ‘நைட் ஷிப்ட்’, ‘மிஸ்டர் மாம்’ முதலிய படங்களில் ஜனங்களைச் சிரிக்கவைத்துப் பெயர் எடுத்தவர் அவர். மைக்கேல் டக்ளஸ் என்ற தம் இயற்பெயரில் வேறொரு நடிகர் ஏற்கெனவே பிரசித்தி பெற்றிருந்தபடியால், தம் பெயரைக்கூட மாற்றிக்கொள்ள நேர்ந்தவர். மத்திம உயரமும் சாதாரணத் தேகக்கட்டும் உள்ள இந்த ஹாஸ்ய நடிகரா கோத்தம் நகரத்துத் துஷ்டர்களை நடுங்கவைக்கப்போகிறார் என்று அவர்கள் கேட்டார்கள். ‘பீட்டில்ஜூஸ்’ படத்தில் அவரை இயக்கிப் பழகியிருந்த டைரக்டர் டிம் பர்ட்டன் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. இயற்கையாகவே புஜபலம் படைத்த ஒருவன் எதற்காக வௌவால் வேஷம் போட்டுக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய கட்சி.

அந்த நாளில் செய்த ரப்பர்க் கவசம் கழுத்தைத் திருப்ப இடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் பார்க்கவேண்டுமானால் தோளும் மார்புமாக உடம்பு முழுவதையும் திருப்பியாகவேண்டும். முகமூடிக்குள் காது சரியாகக் கேட்காது. இந்தச் சங்கடத்தையே பாத்திரத்தின் சுபாவமாக ஆக்கிக்கொண்டு, மிகக் குறைவாக அசைந்து, குரலைத் தாழ்த்தி, கண்களாலேயே பேசிய கீட்டனின் மௌனம், எதிரே ஜோக்கராக வந்த ஜாக் நிக்கல்சனின் ஆர்ப்பாட்டத்துக்கு முன்னால் சிறிதும் சோபை குன்றாமல் நின்றது.

ஆயினும் அவருடைய மேதாவிலாசம் முழுவதும் புலப்படுவது கவசத்தைக் கழற்றிவைத்த பிறகுதான் என்பது என் அபிப்பிராயம். செல்வச் சீமான் புரூஸ் வேன், தன் மாளிகைக்கு வந்த பெண்ணை விருந்துக்கு உட்காரவைக்கும் காட்சியைப் பாருங்கள். பிரமாண்டமான மேஜையின் ஒரு கோடியில் அவன், மறுகோடியில் அவள். இந்த அறைக்குள் இதற்குமுன் தான் வந்ததே இல்லைபோல் இருக்கிறது என்று அவன் ஒப்புக்கொண்டபின், இருவரும் எழுந்துபோய்ச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 1992-இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்திலோ அதைவிடச் சிறப்பான கட்டம் ஒன்று உண்டு: இருட்டறையில் தனியாக, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான் அவன், வானத்தில் எழுந்த வௌவால் சின்னத்தின் ஒளி கண்ணாடிகள் வழியே உள்ளே வந்து விழுகிறது, உடனே எழுந்து நிற்கிறான். அவ்வளவே. அழைப்பு வராத நேரங்களில் இந்த மனிதனுக்கு ஜீவிதமே இல்லை என்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் காட்டிவிட்டார் கீட்டன்.

மூன்றாவது படத்தை வேறு டைரக்டரிடம் ஒப்படைத்து, கதையின் போக்கையும் களியாட்டமாக மாற்ற முற்பட்டபோது, அவர் விலகிக்கொண்டார். பிறகு வந்த வருஷங்களில் நல்ல படங்களும் உண்டு, மறக்கத்தக்கவையும் உண்டு. கீர்த்தி மட்டும் மெல்லமெல்லக் குறைந்தது.

2014-இல் டைரக்டர் இன்யாரிட்டு எடுத்த ‘பேர்ட்மேன்’ வந்தது. பறவை வீரனாக ஒருகாலத்தில் திரையை ஆண்டு, இப்போது ஜனங்கள் மறந்துபோன ஒரு நடிகன், பிராட்வே நாடக மேடையில் தன் மானத்தை மீட்கப் படாதபாடு படுகிறான். நாடகம் நடந்துகொண்டிருக்கையில் புகைபிடிக்க வெளியே வந்தவனுடைய அங்கி கதவிடுக்கில் சிக்கிக்கொள்ள, கதவும் சாத்திக்கொள்ள, உள்ளாடையோடு டைம்ஸ் ஸ்கொயர் ஜனத்திரளுக்கு நடுவே நடந்து வந்து, முன்வாசல் வழியாகச் சபைக்குள் பிரவேசித்து நாடகத்தைத் தொடர்கிறானே, அந்தக் காட்சியில் வெட்கமும் வைராக்கியமும் ஒரே முகத்தில் போராடுவதை நான் வேறு எந்தப் படத்திலும் கண்டதில்லை. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன. சிறந்த நடிகர் விருதோ எட்டி ரெட்மெயினுக்குப் போயிற்று. அது கீட்டனுக்கே உரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

2023-இல், தமது 71-ஆவது பிராயத்தில், ‘தி பிளாஷ்’ படத்தில் அவர் மறுபடியும் புரூஸ் வேனாக வந்தார். ஊர் க்ஷேமமாகிவிட்டது, வௌவால் மனிதனுக்கு வேலை இல்லை. நீண்ட நரைமுடியும் தாடியுமாக, பாழடைந்த அதே மாளிகையின் சமையலறையில் ஸ்பாகெட்டி சமைத்துக்கொண்டிருக்கிறார் ஒரு கிழவர். தேடிவந்த இளைஞர்களுக்கு, காலம் ஒன்றோடொன்று சிக்கிக் குழம்பியிருக்கும் விதத்தை அந்த ஸ்பாகெட்டியைக் கொண்டே விளக்குகிறார். உதவி செய்ய முதலில் மறுத்து, பிறகு இணங்கி, தாடியை மழித்துக்கொண்டு கவசம் பூணுகிறார். 1986-இல் பிராங்க் மில்லர் படைத்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ சித்திரக்கதையிலும், பத்து வருஷம் ஒதுங்கியிருந்த 55 வயது புரூஸ் வேன் மறுபடி புறப்படுகிறான். ஆனால் அவனைக் கிளப்பிவிடுவது உள்ளே அடங்காமல் கிடந்த உக்கிரம். கீட்டனிடம் உக்கிரம் இல்லை. அழைப்புக்காக ஒருகாலத்தில் இருட்டில் காத்திருந்தவன், முப்பது வருஷம் கழித்து அது நிஜமாகவே வந்து கதவைத் தட்டும்போது, சந்தோஷத்தைக் கூச்சத்தோடு மறைத்துக்கொள்ளும் பாவம்தான் அந்தக் கண்களில் தெரிகிறது. இளமையில் இருந்து விடாமல் அந்த வேஷத்தையே கட்டிக்கொண்டிருந்தவர் யாருக்கும் இது கைகூடியிராது. யுத்தத்தில் அந்த முதியவர் மாண்டுபோகிறார். காலத்தையே பின்னுக்குத் திருப்பியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

வசூலில் அந்தப் படம் தோற்றது. கீட்டன் இதே வேஷத்தில் நடித்திருந்த ‘பேட்கேர்ள்’ படத்தையோ, ஏறக்குறைய எடுத்து முடித்த நிலையில், 2022 ஆகஸ்டில் கம்பெனியார் வெளியிடாமலே கைவிட்டிருந்தார்கள். அதில் அவர் செய்ததைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2024-இல், 36 வருஷத்துக்கு முந்திய ‘பீட்டில்ஜூஸ்’ பேயின் வேஷத்தைத் திரும்பவும் பூண்டு இரண்டாம் பாகத்தில் வந்தார். அது அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த தினத்துக்கு முதல் நாள்தான் அவருக்கு 73 வயது பூர்த்தியாயிற்று.