பேட்டியில் மடக்கிக் கேட்டால்...

“உன் தகப்பனார் என்ன வேலை செய்கிறார்?”

நேர்முகப் பேட்டிக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் தலை குனிவது இந்தக் கேள்விக்குத்தான். கணக்குக் கேட்டால் யோசித்துச் சொல்லிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் தெரியுமா என்றால் தயங்காமல் தெரியும் என்கிறார்கள். அப்பாவின் வேலையைக் கேட்டதும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. ஒருவன் ‘சொந்தத் தொழில்’ என்கிறான். ஒருத்தி ‘கம்பெனியில் வேலை’ என்று மழுப்புகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் மனுப் பாரம் இருக்கிறது. அதில் தோட்டத்தின் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறது. மறைத்து என்ன பயன், சொல்லுங்கள்?

பெற்றோர்களே, நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைப்பது அந்தப் பிள்ளையின் காரியம் மட்டுமல்ல. அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். தோட்டம் கைமாறினாலும் அதே கதைதான். அப்போது டவுனில் வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கப் போவது அந்தப் பிள்ளையின் சம்பளமே. இதனால்தான், ஐந்தாம் படிவம் முடித்து வேலை தேடும் என் பழைய மாணவர்களைப் பேட்டிக்கு முதல் நாள் மாலை பள்ளிக்கு வரச் சொல்லி, நானே பெரிய துரை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பதுண்டு. முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது கேள்வியில் சிரிப்பு நின்றுவிடும்.

அப்படி வந்த ஒரு மாணவி, சாமான் கிடங்கு ஒன்றில் கிராணி வேலைக்கு மனுச் செய்திருந்தாள். பேட்டியில் ஒருவர் கொஞ்சம் ஏளனமாகவே கேட்டாராம்: “அப்பா பால்மரம் வெட்டுகிறவர் என்கிறாய். உனக்குக் கணக்கு வழக்கு என்ன தெரியும்?”

அவள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். “மழை பெய்தால் அப்பாவுக்கு வெட்டு இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் கிண்ணத்துக்கு வராமல் மரத்திலேயே வழிந்து போகும். அதனால் வெட்டு இல்லாத நாள்களை நான் காலண்டரில் குறித்து வைப்பேன். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும் செக்ரோல் நாள் கணக்கும் எங்கள் காலண்டரும் ஒத்து வருகிறதா என்று பார்ப்பேன். மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தைக் கூட்டுவதும் நான்தான்.”

கேட்டவர் பேசாமல் எழுதிக்கொண்டார். இன்று அதே கிடங்கில் சரக்கு வரவு செலவு எழுதுகிறவள் அவள்தான். இந்தப் பதிலுக்காக அவள் ஒரு புத்தகத்தையும் புரட்டவில்லை. தன் வீட்டில் நடப்பதைச் சொன்னாள், அது அந்த வேலைக்கு எப்படி உதவும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் நம்மை மட்டம் தட்டக் கேட்பதில்லை. சிலர் பயத்தைப் போக்கிப் பேச வைக்கக் கேட்கிறார்கள். சிலர் பாரத்தில் எழுதியதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மட்டம் தட்டவே கேட்கும் ஆசாமியும் உண்டுதான். மூன்று பேருக்கும் அந்தப் பெண் சொன்ன பதில் பொருந்தும்.

ஆண் பிள்ளைகளுக்கு வேறு ஒரு கண்டம் இருக்கிறது. “எஸ்.பி.எம். முடித்து இரண்டு வருஷம் என்ன செய்தாய்?” என்றால், “சும்மா இருந்தேன்” என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை அறுத்திருப்பான், உதிரிப் பழம் பொறுக்கியிருப்பான், அல்லது படுத்த படுக்கையாய்க் கிடந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பையெல்லாம் ‘சும்மா’ என்று சொல்வது நம் சனங்களிடம் உள்ள பழக்கம். தம்பி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யாரிடம், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் போ. விடிவதற்கு முன் எழுந்து நாள் தவறாமல் காட்டுக்குப் போனவன் நேரத்துக்கு வேலைக்கு வருவானா என்ற சந்தேகம் யாருக்கும் வராது. முந்தின வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால் மட்டும் பழைய மண்டோரைத் திட்டி முடிக்காதே. ‘தூரம் அதிகம்’, ‘குத்தகை முடிந்தது’ என்று உண்மைக் காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும்.

இனி, கேள்வியே புரியாமல் போவது. பேட்டி பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும். சில தனியார் கம்பெனிகளில் ஆங்கிலமும் கலந்து வரும். புரியாதபோது நம் பிள்ளைகள் புன்னகை செய்துகொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். பேட்டி எடுப்பவர் அதை மரியாதை என்று எண்ணமாட்டார். பதில் தெரியவில்லை என்றுதான் எண்ணுவார். “மாஃப் என்சிக், போலே உலாங் செக்காலி லாகி?” என்று கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. அம்மையாராக இருந்தால் “புவான்” என்க வேண்டும். இதைக் கண்ணாடி முன் நின்று சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்வது வேறு, வாய் விட்டுச் சொல்வது வேறு. அரசாங்க வேலைக்குப் போகிறவர்கள் பொது அறிவுக் கேள்விகளையும் எதிர்பார்க்க வேண்டும். 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தால் போதாது. ஒன்றை எடுத்து, “இதற்கு உன் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்” என்பார்கள்.

பெண் பிள்ளைகளிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியை வீட்டில் வாய் திறந்து பேசுவதில்லை. “கல்யாணம் எப்போது? பிள்ளை பெறும் எண்ணம் உண்டா? இப்போது முழுகாமல் இருக்கிறாயா?” நம் நாட்டில் தற்காலிக ஆசிரியை வேலைக்கு எடுக்கப்பட்ட ஒரு பெண், கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் அந்த நியமனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர் வழக்குப் போட்டார். அது பால் வேற்றுமை, அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது விதிக்கு மாறானது என்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அது அரசாங்க வேலை பற்றிய வழக்கு என்பதை மறந்துவிடக்கூடாது. தனியார் முதலாளியிடம் அதே விதியைக் காட்டி வாதாட முடியாது. 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. சில முதலாளிகள் அந்த நாள்களை எண்ணிப் பார்த்துத்தான் இப்படிக் கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி அறவே பிடிக்காது. ஆனாலும் பேட்டி அறையில் கோபம் நமக்கு உதவாது, பொய்யும் வேண்டாம். “ஷிப்ட் வேலைக்கு வீட்டில் சம்மதம் வாங்கித்தான் வந்திருக்கிறேன், புவான். இந்த வேலையில் நீடித்து நிற்க விரும்புகிறேன்” என்று பேச்சை வேலையின் பக்கம் திருப்பிவிடு, தங்கச்சி. அதன் பிறகும் விடாமல் துருவுகிற இடமாக இருந்தால், அங்கே வேலை செய்வது எப்படி இருக்கும் என்று நீயும் யோசிக்கத்தான் வேண்டும்.

“எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய்?” என்றால், “நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்” என்கிறோம். அடக்கம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறோம். கேட்பவருக்கோ, கணக்குத் தெரியாதவன் என்று படுகிறது. சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்து வேலை வாங்கும் சிறு முதலாளிகளுக்கும் அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து அதுவே. அதில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11, அதாவது 187 வெள்ளி, பிடிப்பார்கள். சொக்சோ தனி. மீதியில் மோட்டார் சைக்கிள் எண்ணெய், தங்கும் அறை வாடகை, சாப்பாடு எல்லாம் போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று அம்மாவோடு உட்கார்ந்து முதல் நாள் இரவே கணக்குப் போட்டுவிடுங்கள். தொகையைக் கேட்டால் தொகையைச் சொல்லுங்கள்.

உன் குறை என்ன என்று கேட்பதும் உண்டு. ‘அதிகமாக உழைப்பதே என் குறை’ என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை மட்டும் ஒப்பிக்க வேண்டாம். உண்மையான சின்னக் குறை ஒன்றையும், அதற்கு என்ன செய்து வருகிறாய் என்பதையும் சொல்லிவிட்டு மேலே போ.

கடைசியில் அவர்கள், “உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். நம் பிள்ளைகள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடி வருகிறார்கள். கேளுங்கள். சோதனைக் காலம் எத்தனை மாதம்? பெண்களுக்குத் தங்கும் விடுதி உண்டா? ஓவர்டைம் கட்டாயமா? மூன்று ஷிப்ட் ஓடும் தொழிற்சாலையானால், இரவு ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் தோட்டத்து முச்சந்தி வரை வருமா, இல்லை பெரிய ரோட்டிலேயே இறக்கிவிட்டுவிடுமா என்று கட்டாயம் கேளுங்கள். பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு இருட்டில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது பேட்டி எடுப்பவருக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.