ஆய்வுத் தலைப்பு: தேர்வு மாணவருடையதாக இருக்கட்டும்

பள்ளியில் ஆய்வுத் திட்டம் கொடுத்த மாலையே ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. 'உலக வெப்பமயமாதல்', 'பிளாஸ்டிக் மாசு' என்று தயாராக இருக்கும் தாள்களை வாங்கி, அட்டை போட்டு ஒப்படைத்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். பிள்ளை மட்டும் எதையும் கண்டறிந்திருக்காது. இந்தக் கோளாறு தொடங்குவது தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான்.

மாணவரின் உரிமைகள்

செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியே அச்சமின்றிக் கற்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. விலையுயர்ந்த மாதிரி கொண்டுவரவில்லை என்று வகுப்பில் ஒரு பிள்ளையை அவமானப்படுத்தக் கூடாது. அப்படி நடந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் முறையிடலாம். தீராவிட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆய்வுக்கு அரசுத் தகவல் தேவையா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் உரியது. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

கணக்கெடுப்புக்குப் போகும் பிள்ளைகள் அக்கம்பக்கத்தாரின் கைபேசி எண், ஆதார் எண், நோய் விவரங்களைக் குறித்துவரக் கூடாது. பெயர் எழுதாமல், சம்மதம் கேட்டு, ஆய்வுக்குத் தேவையானதை மட்டும் கேட்டால் போதும். சாக்கடை நீரை வெறுங்கையால் எடுப்பது, கிருமிகளை வீட்டில் வளர்ப்பது, பெரியவர் துணையின்றி அமிலங்களைக் கையாள்வது எல்லாம் ஆபத்து. காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம்.

தலைப்பைச் சுருக்கும் வழி

'குடிநீர் மாசு' என்பது ஒரு மாணவரால் முடிக்கக்கூடிய ஆய்வு அல்ல. 'எங்கள் தெருவின் மூன்று ஆழ்துளைக் கிணறுகளில் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) அளவு மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது?' என்பது முடிக்கக்கூடியது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வைத்தே அளந்துவிடலாம். ஒப்பிடுவதற்கு அளவுகோலும் இருக்கிறது: இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. இந்த மீட்டர் கிருமிகளைக் காட்டாது. நீரில் சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தை அணுகலாம்.

எந்தத் தலைப்பானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம்மால் அளக்கவோ எண்ணவோ முடியுமா? இருக்கும் நாட்களுக்குள் முடியுமா? யாருக்கும் தீங்கு வராதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தொடங்கலாம்.

பெற்றோரே, ஆசிரியர்களே, தலைப்பை நீங்கள் எழுதித் தராதீர்கள். நம் ஊரில் உனக்கு விடை தெரியாதது எது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.