டார்வின் வீட்டின் அன்றாடம்

சார்லஸ் டார்வின் என்றதும் பீகிள் கப்பலும் கலாபகோஸ் தீவுகளும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் 1831இல் தொடங்கிய அக்கடற்பயணம் ஐந்தாண்டுகளில் முடிந்துவிட, பின்னாளில் நாற்பது ஆண்டுகளை அவர் லண்டனுக்குத் தென்கிழக்கே, அன்று கென்ட் பகுதியைச் சேர்ந்திருந்த டவுன் என்னும் சிற்றூரில், ஒரே வீட்டில் கழித்தார். அறிவியலின் போக்கை மாற்றிய அவருடைய நூல்கள் அவ்வீட்டில்தான் எழுதப்பட்டன. நோயும் இழப்பும் அடுத்தடுத்து வந்தபோதும் அந்த உழைப்பு முறியாமல் தொடர்ந்ததற்கு, அவரும் மனைவி எம்மாவும் சேர்ந்து அமைத்துக்கொண்ட அமைதியான இல்வாழ்க்கையே அடிப்படையாக இருந்தது.

எம்மா வெட்ஜ்வுட் டார்வினுக்குத் தாய்மாமன் மகள். அவரைவிட ஏறக்குறைய ஒன்பது மாதம் மூத்தவர். திருமணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று 1838இல் டார்வின் ஒரு தாளில் இரு பத்திகளாக எழுதிப் பார்த்த குறிப்பு இன்றும் உள்ளது. முதுமை வரை உடனிருக்கும் துணை என்பதை மணத்தின் நன்மைகளில் ஒன்றாகக் குறிக்கும்போது, அத்துணை ஒரு நாயைவிட மேலானது என்ற ஒப்பீட்டையும் அவர் சேர்த்திருக்கிறார். நாயின் தோழமையை அவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பதற்கு அதுவே சான்று. 1839 ஜனவரி 29 அன்று அவர்கள் மணந்துகொண்டனர்.

டவுன் ஹவுஸ் என அழைக்கப்படும் அவ்வீட்டில் நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு வேலை வகுக்கப்பட்டிருந்தது. காலையில் ஆய்வு, நண்பகலில் 'சேண்ட்வாக்' எனப்பட்ட, தோட்டத்தின் கோடியில் மரங்களுக்கிடையே சுற்றிவரும் பாதையில் நாயுடன் நடை, பிற்பகலில் எம்மா நாவலை வாய்விட்டு வாசிக்கக் கேட்டபடி ஓய்வு, இரவில் எம்மாவின் பியானோ இசை என்று அந்த ஒழுங்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இரவுதோறும் இருவரும் பேக்கேமன் விளையாடினர். நம் தாயத்தைப் போலப் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. வெற்றி தோல்விகளைக் கணக்கு வைத்திருந்த டார்வின், தாம் 2,795 ஆட்டங்களிலும் எம்மா 2,490 ஆட்டங்களிலும் வென்றிருப்பதாக, 1876இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு ஒரு சிறுவனின் உற்சாகத்தோடு எழுதினார்.

தீராத வயிற்றுக்கோளாறும் வாந்தியும் டார்வினை வீட்டோடு கட்டிப்போட்டிருந்ததால், வெளியூர்ப் பயணம் என்பதே எம்மா வற்புறுத்தி ஏற்பாடு செய்ய வேண்டியதாக இருந்தது. 1868இல் வைட் தீவுக்கும், 1879இல் வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதிக்கும் குடும்பத்துடன் சென்ற ஓய்வுப் பயணங்கள் அவருக்குப் புத்துணர்ச்சி அளித்தன. 1877இல் அவர்கள் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் தொல்பழங்காலப் பெருங்கற்களைக் காணச் சென்றபோது, விழுந்து கிடக்கும் கற்களை மண்புழுக்கள் எவ்வளவு ஆழம் புதைத்திருக்கின்றன என்று டார்வின் தோண்டிப் பார்த்தார். மண்புழுக்களைப் பற்றி 1881இல் வெளிவந்த அவருடைய கடைசி நூலில் அந்த ஆய்வும் இடம்பெற்றது.

இவ்வளவு ஒழுங்கான வாழ்க்கையும் துயரத்திலிருந்து அவர்களைக் காக்கவில்லை. பத்துக் குழந்தைகளில் மூவரை அவர்கள் சிறுவயதிலேயே இழந்தனர். டவுனுக்குக் குடிவந்த சில நாட்களில் பிறந்த மேரி மூன்று வாரங்களே வாழ்ந்தாள். பத்து வயதான ஆன்னி நோயுற்றபோது, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டியும் ஈரத்துணி சுற்றியும் நோய் தீர்க்க முயலும் நீர்ச் சிகிச்சைக்காக டார்வின் அவளை மால்வர்ன் நகருக்கு அழைத்துச் சென்றிருந்தார். நிறைமாதக் கர்ப்பிணியான எம்மா வீட்டில் தங்க நேர்ந்ததால், மகளின் நிலையைக் கடிதங்கள் வழியாகவே அவர் அறிந்துவந்தார். 1851 ஏப்ரல் 23 அன்று ஆன்னி இறந்தாள். 1858 ஜூன் 28 அன்று கைக்குழந்தை சார்லஸ் செங்காய்ச்சலுக்குப் பலியானான். மூன்று நாள் கழித்து, டார்வினும் மற்றோர் இயற்கையியலாளரான வாலஸும் தனித்தனியே கண்டறிந்த இயற்கைத் தேர்வுக் கோட்பாடு, அதாவது சூழலுக்கு ஏற்ற பண்புள்ள உயிர்களே மிகுதியாகப் பெருகுவதால் இனங்கள் மாறுகின்றன என்ற கருத்து, லண்டனில் லின்னேயன் சங்கத்தில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. எம்மா ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர், டார்வினோ மெல்ல மெல்ல அந்நம்பிக்கையை இழந்தவர். துயரை இருவரும் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டபோதும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டனர்.

அவ்வீட்டின் நாய்களும் இந்த அன்பில் பங்கு பெற்றவை. பாப் என்ற கறுப்பு வெள்ளை நாய், உலாவக் கிளம்பியவுடன் மகிழ்ச்சியோடு முன்னே நடக்கும். டார்வின் தம் செடிகளைப் பார்க்கக் கண்ணாடிக் குடிலை நோக்கித் திரும்பினாலோ, உலா தடைப்படுமோ என்று தலையும் வாலும் தொங்க நின்றுவிடும். அந்த வாட்டத்தை 1872இல் வெளிவந்த, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தை ஆராயும் நூலில் அவர் விவரித்தார். பாலி என்ற வெள்ளை டெரியர், அதாவது வளைகளில் பதுங்கும் சிறுவிலங்குகளை வேட்டையாடப் பழக்கப்பட்ட சிற்றின நாய், மகள் ஹென்ரியெட்டாவுக்கு உரியது. 1871இல் அவர் மணமாகிச் சென்றபின் டார்வினைவிட்டு அது பிரியவேயில்லை. மகிழ்ச்சி, அச்சம், அன்பு ஆகியவை மனிதருக்கு மட்டுமே உரியவை அல்ல என்ற முடிவுக்கு, வீட்டில் கூடவே வாழ்ந்த இவ்வுயிர்களைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கியதும் அவருக்கு வலுச் சேர்த்தது.

1882 ஏப்ரல் 19 அன்று, எம்மா அருகிலிருக்க டார்வின் காலமானார்; சில நாட்களுக்குள் பாலியும் இறந்தது. டார்வினின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட, அதன்பின் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த எம்மா டவுன் ஊரின் தேவாலய வளாகத்தில் துயில்கிறார். 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூல் மட்டுமே டார்வின் என்று எண்ணுவோர், நாய்களின் உணர்வுகளைப் பேசும் 1872ஆம் ஆண்டு நூலையும் எம்மாவின் குடும்பக் கடிதங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். டார்வினின் அறிவியலில் அன்றாட இல்வாழ்வுக்கு உள்ள பங்கு அப்போதுதான் முழுமையாக விளங்கும்.