உழவருக்கு ஓய்வு வயது எது?

எனக்கு எந்தத் தேதியில் ஓய்வு என்பது பணிப்பதிவேட்டிலேயே இருக்கிறது. 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள். லால்குடி பக்கம் மூன்று ஏக்கரில் நெல் விவசாயம் செய்யும் என் அப்பாவுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. 71 வயதில், இரவு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடக் கிளம்பியவர், வரப்பில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

இத்தோடு போதும் என்று பிள்ளைகள் நாங்களே முடிவு செய்து, நிலம் முழுவதையும் குத்தகைக்கு விட்டோம். கால் சரியானது; ஆனால் அப்பா சரியாகவில்லை. சாப்பாடு குறைந்தது. பகலெல்லாம் படுத்தே கிடந்தார். ஒருநாள் கேட்டார்: "வயலுக்குப் போகாதேன்னுட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு விடியக்காலம் எழுந்திருக்கணும்?" வேளாண்மையில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கலாம். பிள்ளைகள் வெளியூரில். முழங்கால் வலி. ஆள் கிடைப்பதில்லை. தொடரவும் முடியவில்லை, நிறுத்தவும் மனம் இல்லை. ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் நாங்கள் கற்ற பாடம்.

மூன்று பட்டியல்

ஒரு போகம் முடிந்ததும் அப்பாவோடு உட்கார்ந்து, வயல் வேலைகளை மூன்றாகப் பிரித்து எழுதினோம். அறவே விட வேண்டியவை, ஆளிடமோ இயந்திரத்திடமோ கொடுக்க வேண்டியவை, தானே வைத்துக்கொள்ள வேண்டியவை. நீங்களும் எழுதிப் பாருங்கள்.

விட வேண்டியவை: முதலில் மருந்து அடிப்பது. 16 லிட்டர் கைத்தெளிப்பானில் மருந்துக் கரைசல் நிரப்பினால் எடை 20 கிலோவை ஒட்டி வரும். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால், 12 அல்லது 13 முறை அதை முதுகில் ஏற்றிச் சேற்றில் நடக்க வேண்டும். 60 வயதுக்கு மேல் இது வேண்டாம். அடுத்தது 45 கிலோ யூரியா மூட்டையைத் தனியாகத் தூக்குவது. மூன்றாவது, இரவில் மோட்டார் போடப் போவது. செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கொடுக்க வேண்டியவை: உழவு, நடவு, மருந்து தெளிப்பு, அறுவடை. பாய் நாற்றங்கால் போட்டால் சுமார் 15 நாளில் நாற்று இயந்திர நடவுக்குத் தயாராகிவிடும். ட்ரோன் ஒரு ஏக்கரைச் சில நிமிடங்களில் தெளித்து முடிக்கும். உழவன் செயலி வழியாக அரசு இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யலாம். வாடகையைச் செலவாக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு எலும்பு முறிவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: விதைத் தேர்வு, நாற்றங்கால் கவனிப்பு, தண்ணீர் மேற்பார்வை, பூச்சி கண்காணிப்பு, கணக்கு எழுதுவது. காலையில் வயலைச் சுற்றி வந்து, குருத்து காய்ந்த தூரைப் பார்த்ததும் தண்டுத் துளைப்பான் என்று சொல்லும் கண், 40 வருட அனுபவத்தில் வருவது. இந்த வேலைக்குப் பலம் வேண்டாம்.

பரப்பைக் குறையுங்கள்

அப்பா இப்போது ஒரு ஏக்கரைப் பக்கத்து வயல் இளைஞருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு ஏக்கர் தன் பொறுப்பு. சம்பா முடிந்ததும் இரண்டாவது நெல் வைப்பதில்லை. அறுவடைக்குச் சில நாள் முன்பு, ஈரம் இருக்கும்போதே ஆடுதுறை 3 உளுந்தைத் தெளித்துவிடுகிறார். செயின் வகை இயந்திரத்தில் அறுத்தால் முளைத்த உளுந்துக்குச் சேதம் குறைவு. 70 முதல் 75 நாளில் காய் வந்துவிடும். தண்ணீர் கட்ட அலைய வேண்டாம். வருமானம் கொஞ்சம் குறைந்தது உண்மை. அலைச்சல் அதைவிட அதிகமாகக் குறைந்தது.

தோட்டக்கால் உள்ளவர்கள் இதை 50 வயதிலேயே யோசிக்க வேண்டும். அப்போது வைக்கும் நெட்டைத் தென்னை ஆறேழு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். உங்களுக்கு 60 வயது ஆகும்போது அதுவே ஓய்வூதியம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு.

பத்திரத்தில் அவசரம் வேண்டாம்

"உங்கள் காலத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். தான செட்டில்மென்ட் எழுதினால் உரிமை உடனே கைமாறும். நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. பட்டா பெயர் மாறினால் பி.எம். கிசான் தவணையும் உங்கள் பெயருக்கு வராது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

செட்டில்மென்ட்தான் என்றால், ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும், பெற்றவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். நிபந்தனை மீறப்பட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். முதியோர் உதவி எண் 14567.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பிரதமரின் கிசான் மான்தன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் மட்டுமே சேர முடியும். இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்கள், வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால், 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். 41 வயதில் கேட்டால் கிடைக்காது.

உடம்பும் ஒரு வயல்தான்

வெயில் ஏறுவதற்கு முன்பும், நான்கு மணிக்குப் பிறகும் மட்டும் வேலை செய்யுங்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வயலுக்குப் போனால் மயக்கம் வரலாம். வெறுங்காலோடு இறங்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. தினமும் மாலையில் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அறுவடை நேரம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

களப்பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய தொழில்நுட்பத்தைச் சொல்லும்போது, அந்த வீட்டில் அதைச் செய்யப்போவது யார், அவருக்கு என்ன வயது என்றும் கேளுங்கள். பரிந்துரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், 70 வயது முதுகு தாங்காது என்றால் அது அந்த வயலுக்கு ஆகாது.

அப்பாவுக்கு இப்போது 74. கையில் கோலோடு விடியற்காலையில் கிளம்புகிறார். எட்டரை மணிக்குத் திரும்பிவிடுகிறார். குத்தகைக்கு எடுத்த இளைஞர் தன் நாற்றங்காலையும் அவரிடம் காட்டித்தான் தண்ணீர் வைக்கிறார். நீங்களும் இந்தப் போகம் விதை நெல் எடுப்பதற்கு முன், அந்த மூன்று பட்டியலையும் வீட்டாரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். விழுந்த பிறகு எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.